பால்மாப் பேணியைப் பூட்டியவன்

காடு வெட்டி எழுப்பிய வயல், எரிந்த சுவரை இடித்து மறுபடி கட்டிய கல்வீடு, பழைய இரும்பில் பொருத்தி ஓடவிட்ட அரிசி ஆலை. எல்லாம் என் கை வேலை. கிளிநொச்சியில் யாரையும் கேளுங்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. இந்தக் கணக்கில் என் மனைவியின் சுகத்தையும் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் சிலருக்கு மனம் வரவில்லை.

வைகாசி வெயிலிலும் அவள் போர்வை கேட்டாள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. ஸ்கேனில் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி வீங்கித் தெரிந்தது. அவளுடைய தம்பி குதித்தான்.

“அத்தான், தலையைத் திறந்து வெட்டவேணும். கொழும்புக்குக் கொண்டுபோவம்.”

“முதல்ல உன்ர தலையைத் திறந்து பாப்பம், மச்சான். உள்ளுக்கு ஏதும் கிடக்கோ எண்டு.”

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர், என் மகள் வயதுப் பிள்ளை, பொறுமையாகச் சொன்னா: “கழுத்துச் சுரப்பியில தைரொயிட் ஹோர்மோன் குறைஞ்சிட்டுது ஐயா. அதைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி இன்னொரு ஹோர்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கு. அந்த வேலையிலதான் வீங்கினது. அந்தத் தைரொயிட் ஹோர்மோனையே குளிசையாக் குடுத்துக் குறை நிரம்பினால் தானா அடங்கும்.”

“தாங்கி நிரம்பாமல் மோட்டர் நிக்காது. அப்பிடித்தானே?”

“ஓம் ஐயா, அதேதான். காலமை வெறுவயித்தில குடுங்கோ.”

மாதங்கள் போயும் இரத்தப் பரிசோதனையில் அளவு அசையவில்லை. மச்சான் மறுபடியும் கொழும்புக் கதை எடுத்தான். நான் விடவில்லை, நேரே டொக்டரிடம் போனேன். குளிசையை எப்படிக் குடிக்கிறா என்று கேட்டா.

“வெறுவயித்திலதான் குடிக்கிறா, பிள்ளை. பால்த்தேத்தண்ணியோட.”

அவா பேனையைக் கீழே வைத்தா. “ஐயா, பால் அந்தக் குளிசையை உடம்பில சேரவிடாது!”

எங்கள் பக்கம் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. வெள்ளி விரதக்காரரும் குடிப்பார்கள். அன்றே வீட்டிலிருந்த பால்மாப் பேணியை, தகர டின்னோடு, ஆலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். விடிந்ததும் குளிசையும் பச்சைத் தண்ணீரும். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. குசினி அடுப்புப் பக்கமே போகாத நானே ஊற்றினேன்.

குளிர் விட்டது. குரல் தெளிந்ததும் அவள் முதலில் ஏசியது என்னைத்தான்: “பேணியைப் பூட்டி வச்சுக் காவல் காக்கிறியளே, ஊர் சிரிக்குது!”

சிரிக்கட்டும். அடுத்த ஸ்கேனில் வீக்கம் வற்றியிருந்தது.

இப்போது மச்சான், “அம்மனும் டொக்டரும் காப்பாத்தினவை” என்று ஊரெல்லாம் சொல்லி, நேர்த்திப் பொங்கலுக்கு என் ஆலை அரிசி கேட்கிறான். அம்மனுக்குப் பொங்கட்டும், டொக்டரைப் புகழட்டும். ஆனால் பானை ஏற்றுமுன் சபையில் உரத்துச் சொல்ல வேண்டும்: “பேணியைப் பூட்டினது அத்தான்.” சொல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியும் என் ஆலையிலிருந்து வராது.