பெட்டியில் வந்த கத்தி

போன குற்றாலச் சீசனில் என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, பெட்டியில் சோப்பு, பால்பவுடர், பிஸ்தா எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கத்தி இருந்தது. துவாலையில் சுற்றி, அதன்மேல் அட்டை வைத்து, டேப் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு ஹோட்டலில் அவர் சமையல்காரர். கத்தி நல்ல நீளம். நுனியிலிருந்து கைப்பிடிக்குள் போகிறவரை ஒரே இரும்பு.

முன்னொரு தடவை போனில் அவரே சொல்லியிருக்கிறார். சட்டி பானையெல்லாம் ஹோட்டலுக்குச் சொந்தம், கத்தி மட்டும் சமையல்காரனுக்குச் சொந்தம், வேலையை விட்டுப் போகிறவன் கத்தியைக் கையோடு கொண்டுபோய்விடுவான் என்று. இதற்கு முந்தைய லீவுகளில் அவர் கத்தி கொண்டுவந்ததே இல்லை. அப்படியென்றால் இந்தத் தடவை வேலையை விட்டுவிட்டா வந்திருக்கிறார்? இனிமேல் தென்காசியிலேயேதானா?

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "பாப்போம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த 'பாப்போம்' கூடத்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன். பிள்ளை படிப்பு, மாடிக்கு ஓடு போடுவது, எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அதற்கு மேல் தோண்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். லீவில் பாதி அதிலேயே போய்விடும். அதனால் கத்தியை வைத்தே தெரிந்துகொள்வதென்று முடிவு செய்தேன். திரும்பிப் போகிற ஆளுக்கு இந்தக் கத்தி வேண்டும். அதைப் பாழாக்கினால் கோபம் வரும். கோபம் வராவிட்டால் ஆள் இங்கேதான். இதுதான் என் கணக்கு.

முதலில் மரச்சீனிக் கிழங்கை எடுத்தேன். அரிவாள்மனையில் வைத்தால் மல்லுக்கட்ட வேண்டிய முற்றின கிழங்கு. சத்தமே இல்லாமல் இரண்டாக விழுந்தது. அப்போதே எனக்கு வேறொரு ஆசையும் வந்துவிட்டது. இது எதுவரைதான் தாங்கும்? மறுநாள் கத்தியின் முதுகால் ஒரு தேங்காயை உடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தேங்காயை வாய்ப்பக்கத்தாலேயே போட்டேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, அது கத்தியா கடப்பாரையா? இந்தப் போடு போடுத."

கத்தியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், வாயில் ஓரிடம் வெள்ளையாக மினுங்கியது. மற்ற இடமெல்லாம் கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். கூரான வாயில் வெளிச்சம் விழுந்து நிற்க இடம் கிடையாது; மடங்கின இடத்தில்தான் நிற்கிறது. இத்தனை வருஷம் கத்தி பிடித்தும், அன்றைக்குத்தான் இதைக் கண்டுபிடித்தேன். கொஞ்ச நேரம் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைக்குப் போயிருந்த அவர் வந்தார். கத்தியை எடுத்தார், பார்த்தார். "தேங்காயா?" என்றார். "ஆமா" என்றேன். டீ குடிக்கிற பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துவைத்து, அதன் அடியில் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் கத்தியை மெதுவாக இழுத்துத் தீட்டினார். வாய் பழையபடி கறுத்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா? மனுஷன் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். கத்தியும் பையில் வந்தது. குளித்துவிட்டு, வண்டிகள் நிற்கிற இடத்தில் முழுசாக ஒரு பலாப்பழம் வாங்கினோம். பழக்காரர் வெட்டித் தருகிறேன் என்று கை நீட்டினார். "நானே வெட்டிக்கிடுதேன் அண்ணாச்சி" என்று கத்தியை உருவினேன். பாதிவரை போயிற்று. நடுத்தண்டில் போய்ச் சிக்கி, பால் பிடித்துக்கொண்டு, முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கத்தியின் முதுகில் ஓங்கிப் போட்டேன்.

"கத்தி போயிரும்மா" என்று பழக்காரர் பதறினார்.

ஈரத்தலையோடு மதில்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், "அடிக்கட்டும் அண்ணாச்சி, அது தாங்கும்" என்றார்.

கல்லோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். சாரல் வேறு மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆள் இங்கேதான், இனி சந்தேகமே இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மெல்ல எடுத்துவிட்டேன்.

"என்னங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருதாம். பிரியாணி போட்டா நல்லாப் போவும்."

"நல்ல எடந்தான்" என்றார். 'பாப்போம்' என்று சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு என்ன பெயர் வைப்பதென்றுகூட யோசித்துவிட்டேன்.

பக்ரீத் முடிந்து, ஃப்ரீசரில் கறிப் பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடந்தன. மத்தியானத்துக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு பொட்டலம் உடனே வேண்டும். இது சத்தியமாகச் சோதனைக்காகச் செய்ததில்லை, அவசரத்தில் செய்தது. இரண்டு பொட்டலத்துக்கு நடுவில் கத்தியின் நுனியைச் செருகி, கைப்பிடியைப் பிடித்துத் திருகினேன். டிக் என்று சின்னதாக ஒரு சத்தம். வெளியே எடுத்தால் முனையைக் காணோம்.

கல்லடிக்கும் தேங்காய்க்கும் உடையாதது, ஒரு திருகலில் போய்விட்டது. அடியைத் தாங்கும், திருகினால் தாங்காதுபோல. அந்த நேரத்திலும் இப்படி ஒரு யோசனை ஓடியது எனக்கு.

சத்தம் கேட்டு அவர் வந்தார். "முனை எங்க? கறிக்குள்ள போயிரப்பிடாது" என்று பொட்டலங்களை வெளியே எடுத்து, ஐஸைச் சுரண்டிச் சுரண்டித் தேடினார். கிடைத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் திட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார்.

"போட்டும், பழைய கத்திதானே. ஒனக்குன்னுதான் கொண்டாந்தேன், சொல்லலையா நான்? அங்கன என் லாக்கர்ல புதுசு ரெண்டு கெடக்கு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கத்தியை மேடையில் வைத்துவிட்டு முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"ஏட்டி, ஒரு கத்திக்குப் போயா அழுவுத? அடுத்த தடவ வரும்போது ஒனக்குப் புதுசாவே ஒண்ணு கொண்டாரேன்."

அவருக்கு லீவு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.