மலையில் வேகாத சோறு

மண்ணெண்ணெய் வாடையும் குளிர்காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. மலைநகரத்துப் பூங்காவின் வாசலில், உள்ளே ரோஜாக்கள் பூத்துக் கிடக்க, ஒரு குண்டானைச் சுற்றி எங்கள் வேன் கூட்டம் மொத்தமும் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

எங்கள் மண்ணூர்ப் பக்கம் தரை தட்டை. ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் நாலு வயல் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். மலை உச்சிப் பூங்காவில் காட்சிமுனை என்று ஒன்று உண்டு, அங்கே நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகும் என்று பள்ளித் தோழி ஒருத்தி சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அப்பா நிலத்தை விட்டுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த புதிது. ஞாயிறுதான் விடுமுறை, திங்கள் காலை ஷிஃப்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்ற கெடுவோடு உறவுக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்தோம்.

வல்லக்கோட்டை முருகனுக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துப் புறப்பட்டதெல்லாம் சரி. அப்பாவின் அக்கா, என் அத்தை, 'வெளிச்சோறு' தொடமாட்டாள்; மற்றவர்களைத் தொடவும் விடமாட்டாள். பம்ப் ஸ்டவ், குண்டான், புழுங்கலரிசி, முருங்கைக்காய் என்று பாதிச் சமையலறை பின்சீட்டில் ஏறி வந்தது.

இறங்கியதும் நுழைவுச்சீட்டு வாங்க ஓடிய என்னை அத்தை பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"பூவு எங்கியும் ஓடிப் பூடாது. துன்னுட்டு எல்லாரும் ஒண்ணாப் போலாம். தனியாப் போனா தொலைஞ்சி பூடுவ."

காற்று ஸ்டவ்வை அணைத்தது, சித்தப்பா பம்ப் அடித்தார், மறுபடி அணைத்தது, பெண்கள் முந்தானையை மறைப்பாகப் பிடித்தார்கள். தண்ணீர் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது, அரிசி மட்டும் அரிசியாகவே இருந்தது. உயரத்தில் சோறு சீக்கிரம் வேகாது என்பதைத் தட்டைநிலத்துக்காரர்கள் எங்கே கண்டோம்? அத்தை ஸ்டவ்வைத் திட்டினாள், தண்ணீரைத் திட்டினாள், பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பார்த்து 'இன்னும் ஒரு கொதி' என்றாள். அந்த ஒரு கொதி முடியவேயில்லை. அதுவரை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உள்ளே போய் வந்தவர்கள் காட்சிமுனையைப் பற்றிப் பேசிக்கொண்டே எங்கள் குண்டானைத் தாண்டிப் போனார்கள்.

நடுவில் விறைப்பு மாறாத சோற்றைத் தின்று, பாத்திரம் கழுவி, ஒருவழியாக நுழைந்தபோது எங்களோடு மேகமும் நுழைந்தது. ரோஜாத் தோட்டம் சாம்பலாயிற்று. காட்சிமுனைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்: மேலே வெள்ளை, கீழே வெள்ளை. அத்தை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி கீது இங்க? இதுக்கா சோத்த வேக வுடாம பறந்துகினு இருந்த?"

அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினால், அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் மகளோடு அதே பூங்காவுக்குப் போனேன். நாங்கள் ஸ்டவ் வைத்த மரத்தடி தார் பூசிய கார் நிறுத்தமாகியிருக்கிறது. சமைக்கக் கூடாது என்று பலகை வேறு. பம்ப் ஸ்டவ் என்றால் என்ன என்று மகள் கேட்கிறாள். ஓட்டலில் சாப்பாடு சட்டென்று முடிந்தது. காட்சிமுனையில் மேகம், சொன்னபடியே, காலுக்குக் கீழே, முதுகில் வெயிலைச் சுமந்துகொண்டு, எந்த ஷிஃப்டுக்கும் போகவேண்டாததைப் போல நகர்ந்துகொண்டிருந்தது.

ஊரிலிருக்கும் அத்தையை வீடியோவில் கூப்பிட்டுப் போனைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினேன். இத்தனை வருஷக் கோபத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா?

"பாரு அத்த. இதத்தான் அன்னிக்கு வுட்டுட்டு வந்தோம்."

அத்தை முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அது கெடக்கட்டும்," என்றாள். "ஓட்டல்லயா துன்னீங்க? சோறு வெந்துதா?"

குழைந்து கூழாகியிருந்தது. அதைச் சொன்னால் இந்தத் தடவையும் அவள்தான் ஜெயிப்பாள் என்று, "வெந்துது அத்த" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன்.