பெட்டியில் வந்த டிராக்டர்களும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்து வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு டிராக்டர்களைக் கடலூரிலேயே தயாரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. நான் பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். "இனிமே பக்கத்துலயே இருப்பேன்மா" என்றார்.

தயாரிப்பு என்பது பெயருக்குத்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் வெளிநாட்டிலேயே பொருத்தப்பட்டு, பெட்டியில் வந்து இறங்கும். சக்கரம் மாட்டி, பேட்டரி வைத்து, சீட்டைப் பொருத்தி, ஸ்டிக்கர் ஒட்டினால் வேலை முடிந்தது. பிரித்துக் கொண்டுவந்தால் வரி குறைவு, அதற்காகத்தான் கடலூரில் ஒரு ஷெட் போட்டிருந்தார்கள். இது அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும், "இன்னிக்கு சக்கரம், நாளைக்கு கியர்பாக்ஸ்" என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் ஊர்ப் பையன்களை அங்கே சேர்த்துவிட்டார். சர்க்கரை ஆலை வேலையை விட்டுவிட்டு என் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

மட்கார்டையும் டிரெய்லர் கொக்கியையுமாவது உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யலாம் என்று அண்ணன் மேலாளரிடம் பலமுறை கேட்டிருக்கிறார். "அதெல்லாம் அங்கேருந்தே வருது சார்" என்பார் அவர். வரிச் சலுகை நின்றதும் வண்டிகள் முழுசாகவே துறைமுகத்தில் வந்து இறங்கின. ஷெட்டைப் பூட்டினார்கள். அண்ணனை மட்டும் சர்வீஸ் வேலைக்கு இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு மற்றவர்களோடு வெளியே வந்தார்.

அப்படி வந்தும் பழி அவர் மேல்தான் விழுந்தது. என் கணவர் எங்கள் வீட்டு வாசலிலேயே கேட்டார்: "ஒங்கள நம்பித்தான மச்சான் மில்லு வேலய வுட்டேன்?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வயல் வயலாகப் போய் டிராக்டர் பழுது பார்த்தார். திருமணப் பேச்சு எடுத்தால், "மொதல்ல அவுங்களுக்கெல்லாம் வேல கெடைக்கட்டும்" என்பார். திட்டக்குடி வரை போய் அவர்களுக்காக வேலை கேட்டார். சிலருக்குக் கிடைத்தது. நன்றி சொல்லக்கூட யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை. பொங்கலன்று நான் கூப்பிட்டபோது, "ஓட்டல்ல சாப்ட்டேன், நல்லாருந்துச்சு" என்றார்.

நோயையும் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து அறைக்காரர் தகவல் சொல்லித்தான் மருத்துவமனைக்கு ஓடினோம். என் கணவரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து உட்கார முயன்றார்.

"மாப்ள, எல்லாருக்கும் வேல இருக்கா?"

"இருக்கு மச்சான். எனக்கும் கெடச்சிருச்சு."

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். மறுநாள் காலை போய்விட்டார்.

மருத்துவமனையில் எங்களுக்கு முன்பே அவரைக் கவனித்துக்கொண்ட அந்தப் பக்கத்து அறைக்காரரை எங்கள் குடும்பம் மறக்காது. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து அண்ணனைத் தோள்கொடுத்துத் தூக்கிய ஷெட் தோழர்களே, உங்களுக்கு என் நன்றி. அன்று தெரு நிறைய நீங்கள் நின்றீர்கள். அதை அண்ணன் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
தங்கை