புது எண்ணெய் ஊற்றிய லாரி

கபெம்ப்வாவின் லாரி, கூட ஓடிய லாரியைவிட ஒரு நடைக்கு ஏழு கிலோ டீசல் கூடுதலாகக் குடித்திருந்தது. அதுவும் டீசலை மிச்சப்படுத்தும் என்று சொல்லி இன்ஜினில் புது எண்ணெய் ஊற்றிய பிறகு.

பதினான்கு வருடமாகக் கிட்வேயிலிருந்து கபிரிக்குச் செப்புத் தகடு ஏற்றிப் போகிற டிரைவர் அவர். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சோதனை என்னவோ எளிமையாகத்தான் இருந்தது. ஒரே மாதிரி இரண்டு லாரி, ஒரே பாரம், ஒரே வேகம். ஒன்று இவருடையது, மற்றது இன்னொரு டிரைவர் ஜெரேயுடையது. முதல் வாரம் இரண்டிலும் பழைய எண்ணெய். அடுத்த வாரம் இவர் இன்ஜினில் மட்டும் புதுசு. நடை முடிந்ததும் டீசல் தொட்டியைக் கழற்றித் தராசில் ஏற்றுவார்கள். முதல் வாரம் இரண்டும் சமம். இரண்டாம் வாரம் மூன்று நடையிலும் ஜெரேயின் தொட்டியில்தான் மிச்சம்.

மேலாளர் சிகாஸ்வே லாரிச் சாவியை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"கபிரியில யாருக்கு எறக்கி வித்தீங்க, கபெம்ப்வா?"

"ஒரு சொட்டு எறக்கல சார்."

"அப்ப டீசல் எங்க போச்சு?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் இந்தச் சாலையில் வேறு எவன் வண்டி கொடுப்பான்?

சோதனை நடத்திய இன்ஜினியர் லுயாண்டோ நோட்டைத் திறந்தாள். "இந்த வாரம் வழியில எதாச்சும் வித்தியாசமா நடந்துச்சா ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா. அந்த எலித்தின்னி ஜெரே வாலைப் பிடிச்ச மாதிரி பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்தான். வேறென்ன?"

லுயாண்டோவின் பேனா நின்றது. "ஒட்டிக்கிட்டுன்னா? எவ்வளவு பக்கத்துல?"

"கண்ணாடியில அவன் பல்லு தெரியும்."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லல?"

கபெம்ப்வாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இவர் பெம்பா, ஜெரே ங்கோனி. இரண்டு இனமும் மாமன் மச்சான் முறை; எலித்தின்னி, குரங்குதின்னி என்று எவ்வளவு கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது. முதல் வாரம் ஜெரே ரொம்பப் பின்தங்கி வந்ததை இவர் கேண்டீனில் வைத்துக் கேலி செய்து கிழித்தார், இந்த வாரம் அவன் பழி தீர்த்தான். மச்சான் செய்கிற கேலியைப் போய் யாராவது ஆபீசில் புகார் சொல்வார்களா?

ஜெரேயைக் கூப்பிட்டார்கள். "ஆமா சார், ஒட்டித்தான் வந்தேன். குரங்குதின்னி தூங்கிட்டா யாரு எழுப்புறது?"

சிகாஸ்வே மேசையைத் தட்டினார். "மச்சானைக் காப்பாத்தப் பொய் சொல்ற. உங்க ரெண்டு பேர் வாயில எது கேலி, எது சாட்சின்னு நான் எப்படிப் பிரிக்கிறது?"

ஜெரேயின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றினான். "கபெம்ப்வா ஐயா டீசல் திருடல. நான் பத்து மீட்டருக்குள்ள வந்தேன். இது கேலி இல்ல."

முன்னால் போகிற லாரி காற்றைக் கிழித்து வழி விடுகிறது, பின்னால் வருவது அந்த மறைவில் சுகமாக வருகிறது என்று லுயாண்டோ விளக்கினாள். "இவரு லாரி கூடுதலாக் குடிக்கல சார். அவரு லாரிதான் குறைச்சுக் குடிச்சிருக்கு."

சிகாஸ்வே ஜெரேயின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்து சாவியைத் தள்ளினார்.

கபெம்ப்வா எடுத்துக்கொண்டார். ஆனாலும் காற்று எப்படி டீசலை மிச்சம் பிடிக்கும் என்பது தலையில் ஏறவில்லை. "அப்ப அந்தப் புது எண்ணெய் நல்லதாம்மா, கெட்டதா?"

"தெரியாது ஐயா," என்றாள் லுயாண்டோ, நோட்டில் அந்த மூன்று நடையின் பக்கங்களையும் குறுக்கே அடித்தபடி. "அரை கிலோமீட்டர் இடைவெளி விட்டு, மறுபடி ஓட்டிப் பாக்கணும்."