இரண்டு பக்கமும் உட்காரலாம்

சோபா தைக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு அரசியல் பேச நேரமில்லை. வேலை நேரத்தில் வாய் நிறையக் குண்டூசி. ஆனால் எங்கள் ஊரிலிருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பறை சோபாவுக்கு உறை மாற்றுவது அவர்தான். நீலக் கட்சி ஆண்டால் நீல உறை, பச்சைக் கட்சி ஆண்டால் பச்சை. கம்பெனிக்குக் கொள்கைப் பிடிப்பு அப்படி.

போன தேர்தலில் ஓட்டு எண்ணிக்கை இழுபறியானது. “மாத்துங்க”, “வேணாம், இருக்கட்டும்” என்று மேனேஜர் காலையிலிருந்து போன் போட்டு உயிரை வாங்கினார். கடுப்பான சித்தப்பா ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சையாகத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

“இனிமே நீங்களே திருப்பிப் போட்டுக்கோங்க.”

ஜெயித்த பச்சைக் கட்சித் தலைவர் கம்பெனிக்கு வந்து அந்த சோபாவில் உட்கார்ந்தார். குஷனைப் புரட்டிப் பார்த்தார். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. தலைவரோ தைத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

“நம்ம கட்சி ஆபீசுக்கும் இதே மாதிரி தச்சுக் குடுங்க. ஒரு பக்கம் இந்தக் கம்பெனி கலரு.”

“இன்னொரு பக்கம்?” என்றார் சித்தப்பா.

“அடுத்து எந்தக் கம்பெனி வருமோ, யாரு கண்டா. இப்போதைக்கு வெள்ளையா விடுங்க.”

“வெள்ளையில அழுக்கு தெரியுமேங்க.”

தலைவர் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அதுக்குத்தானே மேல நாங்க உக்காந்திருக்கோம்.”