வயதான நாய்களுக்கு வீடு தேடிய செல்வராணி

செல்வராணியின் தம்பி தில்லை நகரிலிருந்து அழைத்தபோது, நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் நாயைச் சாயங்கால நடைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். நாய் முன்னே இழுத்தது. நான் அதை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

செல்வராணியைப் பலருக்குத் தையல்காரராகத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு, வீட்டுக்கு நாய் கொண்டுவந்து சேர்த்தவராகத் தெரியும். அவர் நடத்திவந்த நாய் மீட்புக் குழுவுக்குக் காப்பகம் கிடையாது. கைவிடப்பட்ட நாய்களை உறுப்பினர்கள் தங்கள் வீடுகளிலேயே வைத்துத் தேற்றி, நிரந்தர வீடு கிடைத்ததும் தத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் பழைய நாய் இறந்த பிறகு, ஒரு குட்டி கேட்டு நானும் மனைவி கமலாவும் அவர் கடைக்குப் போனோம். நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம். தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உங்களுக்கு என்ன வயசாகுது சார்?" என்று கேட்டார். சொன்னேன்.

"குட்டி பதினஞ்சு வருஷம் இருக்கும். அதுவரைக்கும் அது பின்னாடி ஓடுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கமலா சிரித்துவிட்டாள்.

அவர் காட்டியது, தையல் மேசைக்கு அடியில் படுத்திருந்த சின்ன வெள்ளை நாயை. பாதிப் பற்கள் இல்லை. மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேண்டாங்க. இன்னொரு சாவைப் பார்க்க என்னால முடியாது" என்றாள் கமலா. மறுநாள் செல்வராணி நாயைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "சும்மா ஒரு வாரம் வச்சுப் பாருங்கம்மா. சரிப்படலைன்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

நாய் சாப்பிட மறுத்தது. பயந்துபோய் அவரை அழைத்தேன். கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வந்தார். நாயைத் தொடவே இல்லை. எங்களைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். "நம்மள நம்பாம இருக்க அதுக்குக் காரணம் இருக்கு சார். கெஞ்சாதீங்க. நாம சாப்பிடுவோம், அது பார்க்கட்டும்." பேசிக்கொண்டே சாப்பிட்டோம். நாய் மெல்ல வந்து கமலாவின் தட்டிலிருந்து ஒரு துண்டு இட்லியை எடுத்துக்கொண்டது.

மணி என்று பெயர் வைத்தோம். இரண்டு வருடம் போல இருந்து, கமலாவின் மடியிலேயே அடங்கியது. அடுத்த வாரம் அவளே போன் செய்தாள். "செல்வி, வயசான நாய் வேற ஏதாவது இருக்கா?" பதிலுக்குச் செல்வராணி அழுதது எனக்கும் கேட்டது. அப்படி வந்ததுதான் இப்போதிருக்கும் நாய்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தன் வீட்டு நாய்களுக்கு இடம் தேடினார். "கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றேன். "நான் போறதுக்குள்ள ஒவ்வொண்ணையும் ஒரு கையில கொடுத்துடணும் சார்" என்றார். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். பின்னங்காலை இழுத்து நடக்கும் ஒரு கிழட்டு நாய் மட்டும் தம்பியிடம் இருக்கிறது. அவர் குடியிருப்பது வாடகை வீடு. அதிக நாள் வைத்திருக்க முடியாது.

குழுவுக்கு வரும் அழைப்புகளை இனி நானும் கமலாவும் எடுக்கிறோம். நேற்று மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அந்த நாயைப் பற்றிப் பேசினோம். "யோசிக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மறுத்த வீட்டுக்கு மறுபடியும் போகும் துணிவுதான் செல்வராணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. நாளைக்கு அந்த நாயையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.