உப்புத்தண்ணீர்த் தொட்டியில் வந்த சிவப்புப் பாசி

1. பத்து நாள் கெடு

“ஏப்பா ராமையா, இது லேபா, சாக்கடையா?”

தலைமையாசிரியர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பெரிய சார் என்போம்.

“தொட்டி சார்” என்றேன்.

“தெரியுதுய்யா. அந்தத் தொட்டி வாடைதான் என் ரூம் வரைக்கும் வந்து உக்காந்திருக்கே! இன்னும் பத்து நாள்ல இன்ஸ்பெக்‌ஷன். அதுக்குள்ள போகணும். போகலைன்னா நீயே தூக்கிட்டுப் போயி சாக்கடையில கவுத்திரு. உங்க ஷேக் சார்ட்டயும் சொல்லிட்டேன்.”

அறுபதுகளில், திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் லேப் அட்டெண்டர். எட்டாவது வரைதான் படிப்பு. இன்று சோதனைச்சாலை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவுமே என்று, அங்கே நான் செய்த ஒரு தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஷேக் சார் எங்கள் சயின்ஸ் வாத்தியார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். ராமநாதபுரம் பக்கம் கடலோரத்துக்காரர். கடலைப் பார்த்தே இராத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் உள்ள உயிர்களைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இரும்பு ஆங்கிள் அடித்துக் கண்ணாடித் தொட்டி செய்து, ஆசிட் வருகிற பெரிய ஜாடிகளைப் பலமுறை கழுவி, அவற்றில் கடல்தண்ணீர் நிரப்பி ரயிலில் கொண்டுவந்தார். கூடவே ஒரு பவளக்கல், நீல நிறத்தில் இரண்டு சின்ன மீன், நாலு நத்தை, கடல் சாமந்தி என்று ஒரு பிராணி. அது பூப்போல விரியும்; தொட்டால் சுருங்கும். மோட்டார் எல்லாம் கிடையாது. லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாயில் கிளிப் போட்டுக் குமிழ் குமிழாகத் தண்ணீருக்குள் விடுவோம். ரெட்டியார்சத்திரம், வடமதுரைப் பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் ஓடி வந்து அதன் முன்னால் நிற்பார்கள்.

2. மூன்று வகை

அன்று மத்தியானம் ஷேக் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

நான் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தேன். “சார், மயில்துத்தம். வெத்தலைக் கொடிக்கால்காரர்ட்ட வாங்கியாந்தேன். வாய்க்கால்ல பாசி புடிச்சா இதத்தான் போடுவாக. ஒரே நாள்ல கருகிரும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, அண்ணே! இது செம்புச் சத்து. பாசி சாகுமோ என்னமோ, அதுக்கு முன்னாடி நத்தையும் சாமந்தியும் செத்துப்போகும். முதல்ல என்ன பாசின்னு பாப்போம். மருந்து பெறகு.”

அவர் காட்டியதை நான் இன்றும் மறக்கவில்லை. கண்ணாடியில் பழுப்பாகத் தூள் போலப் படிந்து, விரலால் துடைத்தால் போய்விடுவது ஒரு வகை. புதுத் தொட்டியில் வரும், நாளடைவில் தானே குறையும். பச்சையாக நூல் நூலாகக் கல்லில் வேர்பிடித்து நிற்பது இரண்டாவது. வெயிலும் சத்தும் அதிகமானால் வளரும். பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிப் பிடுங்க வேண்டும். மூன்றாவது, கருஞ்சிவப்பாக மணலின்மேல் தோல் போலப் போர்த்துவது. நுனியைத் தூக்கினால் படலமாக உரிந்துவரும், தொட்டால் வழவழக்கும். எங்கள் தொட்டியின் வாடை அதனுடையதுதான்.

“இது அழுகுற பொருள் இருக்கிற எடத்துலதான் இம்புட்டு வரும்” என்றார் சார். “ஆனா நான் போடுறது ஒரு சிட்டிகைக் கருவாட்டுத் தூள். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். எப்படி அழுகும்?”

நான் மயில்துத்தப் பொட்டலத்தை மடிக்கத் திரும்பிக்கொண்டேன்.

கிழக்கு ஜன்னலுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். சைஃபன் குழாய் வைத்துச் சிவப்புத் தோலை உறிஞ்சினோம். எடுத்த தண்ணீருக்குக் கையிருப்பில் இருந்த கடல்தண்ணீரை விட்டோம். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் மழைத்தண்ணீர். உப்பு ஆவியாகாது, உப்புத்தண்ணீரே விட்டால் கரிப்பு ஏறிவிடும் என்று சார் சொல்லியிருந்தார். தொட்டி பளிச்சென்று ஆயிற்று.

மூன்றாம் நாள் அதே சிவப்பு, அதே இடத்தில்.

சார் முகம் வாடிவிட்டது. “என் கைதான் சரியில்ல போல. இனிமே தீனியே போட வேணாம்ணே. மீனு ரெண்டும் கொஞ்ச நாளு பட்டினி கெடக்கட்டும். அதுலயும் போகலைன்னா பெரிய சார் சொன்னபடி கவுத்திருவோம்.”

3. பொரி

அந்த இரண்டு மீனும் கண்ணாடியோரம் வந்து வந்து வாயைத் திறந்தன. இரண்டு நாள் பார்த்தேன். மறுநாள் காலை நேரே சாரிடம் போனேன்.

“சார், ஒங்க கை சரியாத்தான் இருக்கு. நான்தான் பொரி போட்டேன்.”

“எது?”

“பொரி சார். தெனமும் காலையில லேப் தொறந்ததும் ஒரு கைப்பிடி.”

எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. நாற்பத்தெட்டு நாள் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வருஷம் ஐப்பசி மழை இல்லை. மாசியிலேயே குளம் வற்றி வெடித்துவிட்டது. பாதியில் நின்றுபோனது என்று தெரிந்தால் அவள் பயந்துவிடுவாள். கடல்மீனும் சாமி படைத்த மீன்தானே என்று நினைத்து இங்கே போட ஆரம்பித்தேன். மிதந்து நிற்பது பிறர் கண்ணில் படாமல் இருக்க, குச்சியால் அமுக்கிக் கல்லுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மீனு அதத் தின்னுச்சா?”

யோசித்துப் பார்த்தேன். “நான் நின்னு பாத்ததில்ல சார். போட்டு, அமுக்கி விட்டு, கும்புட்டுட்டு கூட்ட வாரியல எடுத்துருவேன்.”

“அது தின்னாது. ஊறி, அடியில போயி, பாசிக்குத்தான் சாப்பாடு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் எத்தன நாளு பாக்கி?”

“பத்தொம்பது.”

“பேகம்பூர்ல எங்க வீட்டுக் கொல்லையில, பொழங்குற கிணறு இருக்கு. கொசுப்புழு திங்குறதுக்காகக் கெண்டைக்குஞ்சு விட்டிருக்கோம். நல்லா பொரி திங்கும். நாளைலேருந்து வேலைக்கு வார வழியில அங்க வந்து போடுங்க. வீட்ல நான் சொல்லிக்கிறேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போல எழுந்து, “சைஃபன் குழாய எடுங்க. கல்லத் தூக்குவோம்” என்றார்.

கல்லை நகர்த்தினோம். பின்னால் கஞ்சிபோல ஒரு குவியல், மேலே கருத்திருந்தது. அதன் வாடையில் நானே இரண்டடி பின்வாங்கினேன்.

“பெரிய சார் மூக்கு நல்ல மூக்குதான்ணே” என்றார் ஷேக் சார்.

4. இன்ஸ்பெக்‌ஷன்

அதிகாரி வந்த அன்று தொட்டி சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கல்லில் பச்சை நூல் கொஞ்சம் இருந்தது. சாமந்தி சுருங்கியே கிடந்தது. ஆனால் சிவப்பு இல்லை, வாடை இல்லை. பெரிய சார் வாசலில் நின்று இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“என்னய்யா கோளாறு?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் ஷேக் சார், “தீனி கொஞ்சம் கூடிப்போச்சு சார். கொறைச்சுட்டோம்” என்றார்.

“கொறைச்சே போடுங்கப்பா. இருக்கட்டும் தொட்டி.”

இதற்குச் சில நாள் முன்பு, பேகம்பூர்க் கிணற்றுக்குப் போன முதல் நாள், வழக்கம்போலக் கைநிறையப் பொரியை அள்ளினேன். ஷேக் சாருடைய அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “வாப்பா, எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டாத. தண்ணி கெட்டுப்போகும். நாலு நாலாப் போடு, ஏறி வந்து திங்கும் பாரு” என்றார்கள்.

நாலு போட்டேன். ஆழத்திலிருந்து ஒரு வெள்ளி மின்னல் ஏறி வந்து கவ்விக்கொண்டு போனது. இன்னும் நாலு. கைப்பிடி தீர அரைமணி நேரம் ஆயிற்று. அன்று லேபுக்குத் தாமதம்தான். ஆனால் இத்தனை நாளில், மீன் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அதுவரை எல்லாம் என் வேண்டுதலுக்காகப் போட்டது. மீனின் பசிக்காகப் போட்டதில்லை. சாமி முன்னால் அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

நாற்பத்தெட்டும் அங்கேயே நிறைவேறியது. ஆடியில் மகள் பிறந்தாள். அதன்பிறகுதான் கிணற்று விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். “ஏன் மறைச்சீக? தெரிஞ்சிருந்தா நானும் வந்து அந்த அம்மாவுக்கு ரெண்டு வாளி எறைச்சுக் குடுத்திருப்பேனே” என்றுதான் கடிந்துகொண்டாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாசி வந்தால் எந்த வகை என்று பாருங்கள். மருந்தைத் தேடுமுன், உள்ளே என்ன போகிறது என்று கேளுங்கள். போட்டது நீங்களாக இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். எந்த உயிருக்கும் தீனி போட்டால், அது தின்று முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.